இடம்புரிச் சங்கை வைத்து மென்விசையைப் புரிந்துகொள்வது எப்படி: சுதர்சனின் 'வி மைனஸ் ஏ' கோட்பாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் ஊரில், மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். நான்கு அடிப்படை விசைகள் என்று வரும் இடத்தில், ஈர்ப்பு விசைக்குத் தேங்காய் விழுவதைக் காட்டலாம். மின்காந்த விசைக்குக் காந்தம் இருக்கிறது. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலிய விசைக்கு அணு உலை, அணுகுண்டு என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். நான்காவதாக வரும் வலு குறைந்த விசையில்தான், அதாவது தலைப்பில் உள்ள மென்விசையில்தான், வகுப்பு தூங்கி வழியும். 'பீட்டா சிதைவுக்குக் காரணம்' (அணுக்கரு ஓர் எலெக்ட்ரானை வெளியே தள்ளி வேறு தனிமமாக மாறுவது) என்று ஒரு வரி எழுதிப் போடுவோம், அப்புறம் அடுத்த பாடம்.

அந்த ஒரு வரியின் உள்கட்டமைப்பைச் சரியாக எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் தாம்பரத்தில் படித்தவர். இ. சி. ஜி. சுதர்சன், 1931-ல் கோட்டயம் அருகே பள்ளத்தில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு ராபர்ட் மார்ஷாக்கிடம் ஆராய்ச்சி மாணவராகப் போனார். 1957-ல் இந்த வேலையை முடித்தபோது அவருக்கு 26 வயதுகூட நிறையவில்லை.

அவர் செய்ததைச் சமன்பாடு இல்லாமல், நம் கரையில் கிடைக்கும் பொருட்களை வைத்துப் புரிந்துகொள்ள இந்த வழிகாட்டி. வரிசை மாற்றாமல் செய்யுங்கள். மூன்றாம் படியைத் தாண்டிக் குதித்தவர்கள் ஆறாம் படியில் வந்து முட்டிக்கொள்வார்கள்.

என்னென்ன வேண்டும்

சாதாரண இடம்புரிச் சங்கு ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு பம்பரம், மூன்று புரி முறுக்கிய கயிறு ஒரு முழம், ஒரு லிட்டர் பாட்டில் நிறையக் கடல் தண்ணீர். வடகடல் தண்ணீரா, தென்கடல் தண்ணீரா என்பது உங்கள் வசதி. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வடகடல் பக்கம் போவது சட்டைக்கு நல்லது.

வலம்புரிச் சங்கு தேவையில்லை. யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் வாய்க்குள் பாருங்கள். நம் கடல் சங்காக இருந்தால் நடுத்தூணில் மூன்று நான்கு மடிப்பு வரிகள் இருக்கும். அமெரிக்கக் கரையில் கிடைக்கும் வேறோர் இனம் உண்டு. அதற்கு வலம்புரியாகச் சுருளுவதே இயல்பு, அங்கே அதில் அபூர்வம் ஒன்றும் இல்லை. அதுவும் வலம்புரி என்ற பெயரில் விற்பனைக்கு வருகிறது. அதில் இந்த வரிகள் இருக்காது.

படி 1: சங்கின் கையைக் கண்டுபிடியுங்கள்

சங்கின் வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய்த்திறப்பு நடுத்தூணுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? இதை முதன்முதலில் வகுப்பில் செய்தபோது எனக்கு மூக்குடைந்தது. விலங்கியல் படத்தில் இருப்பதுபோல் சுருள் தலை மேலே வரும்படி பிடித்தேன். திறப்பு வலப்பக்கம் வந்தது. "பாருங்கள், இது வலது" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், நீங்க சங்கைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

"புத்தகத்தில் இப்படித்தானேம்மா இருக்கு?"

"எங்கப்பா சங்கு குளிக்கிறவங்க சார். வால் மேல வரணும், அப்பத்தான் இடம்புரி."

அவள் சொன்னதும் சரி, புத்தகம் சொன்னதும் சரி. ஒரே சங்கை வால் மேலே வரும்படி திருப்பினால் திறப்பு இடப்பக்கம் வரும். அதனால்தான் விலங்கியலார் வலச்சுருள் என்று எழுதும் சங்கு நமக்கு இடம்புரி. அவர்கள் இடச்சுருள் என்பது நமக்கு வலம்புரி. பெயர் வைப்பது பிடிக்கும் விதத்தைப் பொறுத்தது. ஆனால் ஒன்று கவனியுங்கள். இடம்புரிச் சங்கை எப்படிப் புரட்டினாலும், உருட்டினாலும், அதே வகையில் பிடித்த வலம்புரிச் சங்குபோல அதை ஆக்கவே முடியாது. இரண்டும் வேறு வேறு.

சந்தேகம் இருந்தால் கயிற்றைப் பாருங்கள். புரிகள் சாய்ந்திருக்கும் திசையை மனதில் வைத்துக்கொண்டு, கயிற்றை முனை மாற்றிப் பிடியுங்கள். சாய்வு மாறாது. ஒரு பொருளின் 'கை' என்பது இதுதான்: சுழற்றினாலும் மாறாத இட வலம். தமிழில் 'புரி' என்றாலே முறுக்கு. சங்குக்கும் கயிற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் விஷயம் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

படி 2: கண்ணாடி முன் நிறுத்துங்கள்

இப்போது சங்கைக் கண்ணாடி முன் வையுங்கள். உள்ளே தெரிவது வலம்புரி. கையை மாற்ற உள்ள வழி இது ஒன்றுதான்.

அடுத்து பம்பரம். தரையில் சுற்றவிட்டு, பக்கத்தில் கண்ணாடியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். மேலிருந்து பார்க்கும்போது பம்பரம் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றினால், கண்ணாடிக்குள் இருக்கும் பம்பரம் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றும். ஆணி மட்டும் இரண்டிலும் கீழேதான் இருக்கும். சுழற்சி புரள்கிறது, மேல் கீழ் புரளவில்லை. இதை நாலைந்து முறை பார்த்துவிடுங்கள். படி 4 முழுக்க இந்தப் பம்பரத்தின் மேல்தான் நிற்கிறது.

கண்ணாடிக்குள் நீங்கள் பார்த்த பம்பரத்தை வெளியே நிஜமாகவே சுற்றிக் காட்ட முடியுமா? முடியும், சாட்டையை மாற்றிச் சுற்றினால் போதும். ஈர்ப்பும் மின்காந்தமும் வலிய விசையும் அப்படித்தான். கண்ணாடியில் தெரியும் எந்த நிகழ்வும் நிஜத்திலும் நடக்கக்கூடியது. இதற்கு இயற்பியலில் பாரிட்டிச் சமச்சீர் என்று பெயர். 1956 வரைக்கும் எல்லா விசைக்கும் இது பொருந்தும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள்.

படி 3: துகளுக்குக் கை உண்டு

எலெக்ட்ரான், நியூட்ரினோ (மின்னூட்டம் இல்லாத, மிக இலேசான துகள்) போன்றவற்றுக்குத் தற்சுழற்சி உண்டு. பம்பரம்போல நிஜமாகவே சுற்றுகிறதென்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை பார்ப்பதற்கு அந்தப் படம் போதும். இடக்கைக் கட்டைவிரலைத் துகள் போகும் திசையில் நீட்டுங்கள். மற்ற விரல்கள் மடங்கும் திசையில் சுழற்சி இருந்தால் அது இடக்கைத் துகள். வலக்கைக்குப் பொருந்தினால் வலக்கைத் துகள்.

சங்குக்கும் துகளுக்கும் இங்கே ஒரு வித்தியாசம். பாம்பன் பாலத்தில் உங்கள் பஸ் ஒரு சைக்கிளை முந்துகிறது என்று வையுங்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தால் சைக்கிள் பின்னோக்கிப் போகிறது. துகளையும் அப்படி முந்தினால் அது போகும் திசை புரளும், சுழற்சி புரளாது; ஆக, கை மாறிவிடும். நிறை உள்ள துகளை முந்த முடியும், அதனால் அதன் கை ஓரளவு பார்க்கிறவரைப் பொறுத்தது. ஒளிவேகத்தில் போவதை யாரும் முந்த முடியாது, அதன் கை நிலையானது. துகள் எவ்வளவு வேகமாகப் போகிறதோ, கை அவ்வளவு உறுதி. இந்த ஒரு வரியை ஆறாம் படிக்காகப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வூ அம்மையாரின் பம்பரம்

1956-ல் லீ, யாங் என்ற இரு சீன இயற்பியலாளர்கள், மென்விசை கண்ணாடிச் சமச்சீருக்குக் கட்டுப்படுகிறதா என்று யாருமே சோதித்ததில்லை என்பதைக் கண்டு எழுதினார்கள். (வலு குறைந்த விசையை இனி மென்விசை என்றே சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் மூன்று சொல் எழுத முடியவில்லை.) சியன்-ஷியுங் வூ வாஷிங்டனில் அதைச் சோதித்தார். கோபால்ட்-60 அணுக்கருக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர வைத்து, காந்தப்புலத்தால் எல்லாவற்றின் சுழற்சியையும் ஒரே திசையில் திருப்பி, பீட்டா சிதைவில் எலெக்ட்ரான் எந்தப் பக்கம் வருகிறதென்று எண்ணினார்.

பம்பரத்துக்கு வாருங்கள். கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் பம்பரத்தின் சுழற்சித் திசையை, வலக்கை விதிப்படி, மேல்நோக்கி என்று குறிப்பார்கள். வூ கண்டது: எலெக்ட்ரான்கள் சுழற்சித் திசைக்கு எதிராக, அதாவது கீழே, ஆணிப் பக்கமாக அதிகம் பாய்ந்தன. கண்ணாடிக்குள் என்ன தெரியும்? சுழற்சி புரண்டு கீழ்நோக்கியதாகிவிடும், எலெக்ட்ரான்கள் அப்போதும் கீழேதான் பாயும். அதாவது சுழற்சித் திசையிலேயே பாயும். அப்படிப்பட்ட கோபால்ட் இந்த உலகத்தில் இல்லை. கண்ணாடிக்குள் தெரிவது வெளியே நடக்கவே நடக்காத ஒன்று.

1957 தொடக்கத்தில் முடிவு வெளியானது. அதே ஆண்டு லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு. வூவுக்கு இல்லை.

நம் கடலில் இடம்புரி மிகுதியாகவும் வலம்புரி அபூர்வமாகவும் இருப்பது சங்கின் பரம்பரையால் வந்த விஷயம். இன்னொரு கடலில் தலைகீழாக இருக்கலாம், இருக்கவும் செய்கிறது. மென்விசையின் ஓரவஞ்சனை அப்படி இல்லை. எங்கே போனாலும் அதே பக்கம்தான்.

படி 5: ஐந்து வடிவங்களில் இரண்டு

இப்போது சுதர்சன் வருகிறார். என்ரிகோ ஃபெர்மி 1934-லேயே பீட்டா சிதைவுக்குக் கோட்பாடு எழுதியிருந்தார். சார்பியலுக்கு ஒத்துவரும்படி அந்த விசையை ஐந்து வடிவங்களில் எழுதலாம்: ஸ்கேலர், வெக்டர், டென்சர், ஆக்ஸியல் வெக்டர், சூடோஸ்கேலர். இயற்கை எதைப் பயன்படுத்துகிறது? இருபது ஆண்டுகளுக்கு மேலாக இதுதான் குழப்பம்.

ஐந்தையும் புரிந்துகொள்ளத் தேவையில்லை, இரண்டு போதும். வெக்டர் என்பது வள்ளம் போகும் திசையைக் காட்டும் அம்புக்குறி. ஆக்ஸியல் வெக்டர் என்பது வள்ளத்தின் விசிறி சுற்றும் சுழற்சிக்கு நாம் வைக்கும் அம்புக்குறி. கண்ணாடிக்கு இணையாக வள்ளம் ஓடினால் முதல் அம்பு மாறாது, இரண்டாவது புரளும். படி 2-ல் பார்த்த அதே கதை. தனித்தனியே இரண்டிலும் ஓரவஞ்சனை இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே விசையில் வைத்தால் கண்ணாடிக்கு முன்னும் பின்னும் வேறு வேறு ஆகிவிடும். சரிபாதியாகக் கலந்து, நடுவில் கழித்தல் குறி போட்டால் விசை இடக்கைத் துகள்களை மட்டுமே தொடும். கூட்டல் குறி போட்டால் வலக்கையை மட்டும். வெக்டரின் முதல் எழுத்து வி, ஆக்ஸியலின் முதல் எழுத்து ஏ. 'வி மைனஸ் ஏ' என்ற பெயர் அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடிப்பது ஏன் கஷ்டமாக இருந்தது? சோதனைகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. பீட்டா சிதைவில் வெளிவரும் எலெக்ட்ரானுக்கும் எதிர்-நியூட்ரினோவுக்கும் (நியூட்ரினோவின் எதிர்த்துகள்) வெக்டர், ஆக்ஸியல் வடிவங்களில் எதிரெதிர்க் கை. மற்ற மூன்றிலும் ஒரே கை. ஹீலியம்-6 சிதைவை அளந்தவர்கள் டென்சர் என்றார்கள். ஆர்கான்-35 வேறு வடிவத்தைக் காட்டியது. எல்லாச் சோதனையும் சரி என்றால் மென்விசை என்று ஒரே விசையே இருக்க முடியாது. ஒவ்வொரு சிதைவுக்கும் ஒரு விதி என்று ஆகும்.

சுதர்சன் எல்லா அளவீடுகளையும் பரப்பி வைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு வடிவம் வேண்டும் என்றால் அது வி மைனஸ் ஏ மட்டும்தான். அதை ஏற்றால் நான்கு சோதனைகள் தவறாக இருக்க வேண்டும்: ஹீலியம்-6, மியூவான் (எலெக்ட்ரானின் கனத்த உறவு) சிதைவில் வரும் எலெக்ட்ரானின் கை, சுழற்சி திருப்பிய நியூட்ரானின் சிதைவு, பையான் (குறுகிய ஆயுள் உள்ள இன்னொரு துகள்) எலெக்ட்ரானாகச் சிதைவதே இல்லை என்ற முடிவு. நான்கையும் பெயர் சொல்லி, மறுபடி செய்யுங்கள் என்று அவரும் மார்ஷாக்கும் எழுதினார்கள். என் பார்வையில் இந்தக் கதையின் உச்சம் இதுதான். பெரிய ஆய்வகங்களின் நான்கு முடிவுகளை ஓர் ஆராய்ச்சி மாணவர் பென்சிலால் அடித்துவிட்டு, மிச்சத்தை நம்புங்கள் என்கிறார்.

மறுபடி செய்தார்கள். நான்கும் தவறுதான்.

படி 6: பையான் கணக்கை நீங்களே போடுங்கள்

நான்கில் எனக்குப் பிடித்தது பையான். கொஞ்சம் மெதுவாக வாருங்கள்.

நேர்மின் பையான் எலெக்ட்ரானைப்போல் 273 மடங்கு நிறை உள்ளது, தற்சுழற்சி சுழி. அது நின்ற இடத்தில் சிதைந்து இரண்டாகும்: ஒரு நியூட்ரினோ, அதற்கு எதிர்த்திசையில் ஓர் எதிர்-மியூவான் அல்லது பாசிட்ரான் (எலெக்ட்ரானின் எதிர்த்துகள்). மியூவான் எலெக்ட்ரானைப்போல் 207 மடங்கு கனம். ஆற்றலை மட்டும் பார்த்தால் இலகுவான பாசிட்ரானாகச் சிதைவதுதான் சுலபம். ஆனால் 1957 வரை பாசிட்ரான் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, வந்ததெல்லாம் மியூவான்.

இரண்டு பேனாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இடப்பக்கம் போகும் நியூட்ரினோ, மற்றது வலப்பக்கம் போகும் பாசிட்ரான். நியூட்ரினோ இடக்கை, எனவே இடக்கைக் கட்டைவிரலை இடப்பக்கம் நீட்டி விரல்கள் மடங்கும் திசையில் அந்தப் பேனாவை உருட்டுங்கள். மொத்தச் சுழற்சி சுழியாக இருக்க வேண்டும் என்பதால் மற்ற பேனாவை எதிர்த்திசையில் உருட்டுங்கள். இப்போது பாசிட்ரானின் கையைப் பாருங்கள். அதுவும் இடக்கை!

சிக்கல் இங்கேதான். படி 5-ல் சொன்ன இடக்கை துகளுக்குத்தான்; எதிர்த்துகள் என்றால் மென்விசை வலக்கையைத்தான் கேட்கும். பாசிட்ரான் தவறான கையோடு வர வேண்டியிருக்கிறது. படி 3-ல் வைத்த வரியை எடுங்கள்: வேகமாகப் போகும் துகளுக்குக் கை உறுதி, மெதுவாகப் போவதற்குத் தளர்வு. கனமான மியூவான் மெதுவாக வரும், தவறான கையிலும் சமாளித்துவிடும். பாசிட்ரான் ஏறக்குறைய ஒளிவேகத்தில் வரும், அதற்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. வி மைனஸ் ஏ கணக்குப்படி 8,000 பையானுக்குக் கிட்டத்தட்ட ஒன்று மட்டும் பாசிட்ரானைத் தரும். குறைவுதான், ஆனால் சுழி இல்லை. 1958-ல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் அதைப் பார்த்துவிட்டார்கள். அதே ஆண்டு கோல்ட்ஹேபர் குழு நியூட்ரினோவின் கையையும் நேரடியாக அளந்தது. இடக்கை.

என் மாணவர்களில் பலர் இந்தப் படியில் பேனாவை உருட்டும்போது வலது இடது குழம்புவார்கள். குழம்பினால் பேனாவை வைத்துவிட்டுக் கயிற்றை எடுங்கள். நடுவில் பிடித்து இரண்டு முனையையும் எதிரெதிராக முறுக்கினால் இரு பக்கமும் ஒரே சாய்வில் முறுக்கு ஏறுவது கண்ணுக்கே தெரியும்.

படி 7: பெயர் யாருக்குப் போனது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆறு பாரா புலம்ப விருப்பமில்லை. 1957 ஏப்ரலில் ராச்செஸ்டரில் நடந்த மாநாட்டிலேயே முடிவு கையில் இருந்தது. மாணவர் என்பதால் சுதர்சனுக்கு மேடை கிடைக்கவில்லை. செப்டம்பரில் இத்தாலியின் பதுவா-வெனிஸ் மாநாட்டில் மார்ஷாக் அதை முன்வைத்தார். அந்த மாநாட்டுத் தொகுப்பு அச்சாகி வருவதற்குள், 1958 ஜனவரியில் அமெரிக்க இயற்பியலாளர்கள் ஃபெய்ன்மனும் கெல்-மானும் அதே வடிவத்தைப் புகழ்பெற்ற இதழில் வெளியிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு அவர்கள் பெயரிலேயே அது வழங்கியது. கண்டுபிடித்தவர்கள் சுதர்சனும் மார்ஷாக்கும்தான் என்று ஃபெய்ன்மனே பின்னால் ஒப்புக்கொண்டார். சுதர்சன் 1980-களில் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். 2007-ல் பத்ம விபூஷண் வந்தது. நோபல் வராமலே 2018-ல் இறந்தார்.

படி 8: பாட்டிலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள்

ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 0.4 கிராம் பொட்டாசியம் கரைந்திருக்கிறது. அதில் பத்தாயிரத்தில் ஒன்றுக்குச் சற்று அதிகமாகப் பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க வகை. அரை ஆயுள் 125 கோடி ஆண்டு. அவ்வளவு மெதுவாகச் சிதைந்தும், உங்கள் கையில் இருக்கும் பாட்டிலில் ஒவ்வொரு நொடியும் சுமார் 12 அணுக்கள் சிதைகின்றன. பத்தில் ஒன்பது பீட்டா சிதைவு: கால்சியம் ஆகி, ஓர் எலெக்ட்ரானையும் எதிர்-நியூட்ரினோவையும் வெளியே தள்ளும். எலெக்ட்ரான் பெரும்பாலும் இடக்கை, எதிர்-நியூட்ரினோ வலக்கை. பயப்பட ஒன்றுமில்லை, கடல் எப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. பாட்டிலைக் காதில் வைத்துப் பார்த்த பையன் ஒருவன் உண்டு. சத்தம் கேட்காது.

அடுத்து உள்ளங்கையை வானம் பார்க்க விரித்து வையுங்கள். வளிமண்டலத்தின் மேல்பகுதியில், சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில், விண்கதிர்கள் காற்றணுக்களில் மோதிப் பையான்கள் பிறக்கின்றன. படி 6-ல் பார்த்தபடி அவை மியூவானாகச் சிதையும். கடல் மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் இறங்குகிறது. விரித்த கை வழியே நிமிடத்துக்கு நூறு அளவுக்கு. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோநொடி. அதுவும் மென்விசையால், அதே வி மைனஸ் ஏ விதிப்படி சிதைகிறது. அந்த ஆயுளுக்கு ஒளிவேகத்தில் வந்தாலும் 660 மீட்டர்தான் வர முடியும். மண்டபம் வரை வந்து சேர்வது ஐன்ஸ்டீன் சொன்ன கால நீட்சியால்.

சூரியன் தென்கடல் மேலே இருக்கும்போது கட்டைவிரல் நகத்தையும் காட்டுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் கடந்துபோகின்றன. இரவிலும் அதே கணக்குதான், தரைக்குள்ளிருந்து மேலே வரும், அவ்வளவுதான். சூரியனில் இரண்டு புரோட்டான் சேரும் முதல் படியே மென்விசையின் வேலை.

படி 9: இதற்கு மேல் எங்கே போவது

மென்விசை வெக்டர் சாயல் உள்ளது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி தானாக வந்தது. மின்காந்த விசையும் வெக்டர்தான், அதைச் சுமப்பது ஒளித்துகள். அப்படியானால் மென்விசைக்கும் ஒரு சுமைதூக்கி இருக்க வேண்டுமே? கிளாஷோ 1961-லும், வெயின்பெர்க் 1967-லும், சலாம் 1968-லும் எழுதியவற்றிலிருந்து இரண்டு விசையும் ஒரே மரத்தின் கிளைகள் என்ற கோட்பாடு உருவானது. 1983-ல் செர்னில் அந்தச் சுமைதூக்கிகளான டபிள்யூ, இசட் துகள்கள் பிடிபட்டன. டபிள்யூ சுமார் 86 புரோட்டானின் கனம்; அதனால்தான் இந்த விசை அணுக்கருவுக்குள்ளேயே எட்டாத குட்டைக் கை. ஒரு திருத்தமும் சொல்லிவிட வேண்டும்: தூய இடக்கை டபிள்யூவுக்கு மட்டும்தான். இசட் கொஞ்சம் வலக்கையையும் தொடும். தேர்வில் இதைக் கேட்க மாட்டார்கள்.

சங்கைத் திருப்பிப் பிடிக்கச் சொன்ன அந்தப் பெண்தான் கடைசியில் கேட்டாள், வலக்கை நியூட்ரினோ கிடைக்கவே இல்லையா என்று. நியூட்ரினோவுக்கு மிகச் சிறிய நிறை உண்டென்பது 1998-ல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே சோதனையால் உறுதியானது. நிறை இருந்தால் முந்தலாம், முந்தினால் கை மாறும். ஆகவே வலக்கை வகையும் இருக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"எங்கப்பாவுக்கு ஒரே ஒரு தடவ வலம்புரி மாட்டுச்சு சார்" என்றாள்.

நியூட்ரினோ தேடுகிறவர்களுக்கு இன்னும் ஒன்றுகூட மாட்டவில்லை.